பலகையில மொதப் பேரு

அந்தப் பைய மடியிலயே வச்சுக்கிடுங்க தம்பி. மேல வச்சா, டோல்கேட்டு வாரப்ப டிரைவர் பிரேக்குல ஏறி நிப்பாரு, பை நேரா முன்னால இருக்கவரு தலையில போயி விழும். உள்ள லேப்டாப்புதான? பையப் பாத்தாலே தெரியுது. நானும் அந்தத் தொழில்தான். என் சட்டையப் பாத்தா தெரியாது. நம்ம ஊர்ல ஷூ போட்டாத்தான் கம்ப்யூட்டர்காரன்னு நம்புவான்.

எங்க எறங்கணும்? கோவில்பட்டியா. அப்ப நேரம் கெடக்கு. நான் மதுரைக்கு. வக்கீலப் பாக்கப் போறேன். பயப்படாதிய, வெட்டு குத்துல்லாம் இல்ல. ஒரு பலகையில என் பேரு இருக்கு, அத எடுக்கச் சொல்லி நோட்டீசு விடணும். அவ்வளவுதான் சோலி. நெல்லையில வக்கீலே இல்லையான்னு கேக்காதிய. ரெண்டு பேரப் பாத்தாச்சு. ரெண்டு பேரும் பேசி வச்ச மாதிரி சிரிக்கான். "எல்லாரும் பேரப் போடச் சொல்லித்தான்வே வருவான், நீரு எடுக்கச் சொல்லி வாரீரு"ங்கான். நான் அங்க சிரிக்க வைக்கவா போனேன்? எந்திரிச்சு வந்துட்டேன்.

என் பேரு ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில ஆபீசு. கடைகளுக்கு பில்லு போடுத சாப்ட்வேரு எழுதிக் குடுக்கேன். பலசரக்கு, மருந்துக்கடை, ஜவுளி, எல்லாம். தென்காசி வரைக்கும் நம்ம ஆளுக உண்டு. இருபது வருசத் தொழிலு தம்பி. சும்மா ஒரு ரூமு எடுத்து ஏசி போட்டு உக்காந்த பய இல்ல நான். ஒவ்வொரு கடையா ஏறி எறங்கி, கல்லாவுல இருக்கவன் ஏச்சு வாங்கி, அவன் பருப்புக்கு ஒரு வெல, அவன் மச்சினனுக்கு ஒரு வெலன்னு சொல்லுததெல்லாம் கேட்டு எழுதுனது.

இதுல கஷ்டம் என்னன்னா, சின்னக் கடைக்காரன் நம்மளத் தேடி வருவான். கொஞ்சம் பெருசா வளந்துட்டான்னு வைங்க, ஒடனே மெட்ராசுக்காரனத் தேடிப் போயிருவான். நம்ம எழுதிக் குடுத்த பில்ல வச்சு வளந்தவன்தான். அவன்ட்டப் போயி நின்னா, மொதக் கேள்வி என்ன தெரியுமா? "உங்க ஆபீசுல எத்தன பேரு?" நாலு பேருன்னு சொன்னியன்னா டீ வராது. அதுக்குப் பொறவு அவன் செல்லப் பாத்துக்கிட்டேதான் பேசுவான்.

இது எனக்கு மட்டும் இல்ல. மீரானுக்கும் இதான். மீரான் என் சேக்காளி. பாலிடெக்னிக்குல ஒரே பெஞ்சு. மேலப்பாளையத்துக்காரன். கம்ப்யூட்டரு, வயரு, பிரிண்டரு, கேமரா, இதெல்லாம் மாட்டிக் குடுக்கது அவன் தொழிலு. வண்ணார்பேட்டையில ஒரு மாடியில ஆபீசு. நான் சாப்ட்வேர விப்பேன், மிசின் வேணும்னா அவனக் கைகாட்டி விடுவேன். அவன் மிசின விப்பான், சாப்ட்வேரு வேணும்னா என்னக் கைகாட்டி விடுவான். ஒருத்தனுக்கு ஒருத்தன் ஒரு கமிசன் கேட்டது கிடையாது. அப்படி இருந்தோம்.

மூணாவது ஆளு எப்சிபா. நம்ம வயசு இல்ல, சின்னப் பொண்ணு, என்ன அண்ணாச்சின்னுதான் கூப்பிடும். பெங்களூர்ல வேல பாத்துட்டு, அம்மாவுக்கு முடியலன்னு ஊருக்கு வந்து, இங்கயே எட்டுப் பொண்ணுகள வச்சு செல்போனுக்கு ஆப்பு எழுதுத கம்பெனி ஆரம்பிச்சிருந்துச்சு. கெட்டிக்காரிதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நேர்மை நேர்மைன்னு நம்ம உயிர எடுத்திரும்.

இப்படி இருக்கப்பத்தான் ஒரு பெரிய வேல வந்துச்சு. பேரு சொல்ல மாட்டேன், சொன்னா உங்களுக்கே தெரியும். பலசரக்குல பெரிய ஆளு. நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவிலுன்னு ஊருக்கு ஊரு கிளை. அத்தன கிளைக்கும் ஒரே சாப்ட்வேரு. பில்லு, குடோன், வீட்டுக்குக் கொண்டு குடுக்கது எல்லாம் சேத்து. இந்த ஒரு வேல கெடச்சா தம்பி, பொறவு எவனும் நம்மகிட்ட எத்தன பேருன்னு கேக்க மாட்டான். அந்த முதலாளி கடைக்கு சாப்ட்வேரு போட்டவன்னு சொன்னா, மதுரை வரைக்கும் கதவு தொறக்கும். எனக்கு ஐம்பது வயசாகப் போகுது. இன்னும் எத்தன நாளைக்கு மருந்துக்கடைக்காரன் பிரிண்டர்ல பேப்பரு சிக்கிட்டுன்னு கூப்பிட ஓட முடியும்?

மீரான்தான் சொன்னான். "எல, தனித்தனியாப் போனா மூணு பேரும் வாசல்லயே நிக்கோம். சேந்து போவோம். சேந்து போனா உள்ள ஒரு நாக்காலியாச்சும் போடுவான்."

நல்ல யோசனைதான். நானும் சரின்னேன். கூட்டுக்கு ஒரு பலகை எழுதி அவன் ஆபீசு வாசல்ல மாட்டுனான். அகர வரிசைப்படி போட்டாச்சு. ஆவுடை சாப்ட்வேர்ஸ் மேல, எப்சிபாது நடுவுல, மீரான் சிஸ்டம்ஸ் கடைசியில. அதுல நான் ஒரு கொற சொல்ல மாட்டேன். ஆனா விசிட்டிங் கார்டு அடிச்சான் பாருங்க, அதுல தொடர்புக்குன்னு அவன் நம்பர மட்டும் போட்டுட்டான். என்னடே இதுன்னு கேட்டேன். "நீ போன எடுக்க மாட்டியடே"ங்கான்.

எடுக்க மாட்டேன்னு இல்ல. மூணு தடவ அடிக்க விட்டுத்தான் எடுப்பேன். அது ஒரு மொறை. அடிச்ச ஒடனே எடுத்தியன்னா இவனுக்கு வேற சோலியே இல்லன்னு நெனச்சிருவான். காக்க வச்சாத்தான் மதிப்பு. மீரானுக்கு இதெல்லாம் தெரியாது. சோத்துல கைய வச்சிருந்தாலும் எடது கையால எடுத்து "சொல்லுங்க முதலாளி"ம்பான்.

அந்தக் கடை மேனேஜரு ஆபீசப் பாக்க வாரேன்னு சொன்னாரு. நான் மீரான்ட்ட சொன்னேன், மூணு ஆபீசு ஆளையும் உன் மாடியில கொண்டு உக்கார வச்சிருவோம், பத்தலன்னா என் மச்சினனும் அவன் கூட்டாளி நாலு பேரும் வருவானுவ, சும்மா கீபோர்டத் தட்டச் சொன்னாப் போதும்னு. இதுல என்ன தப்பு தம்பி? மெட்ராசுக்காரன் செய்யாததா? எப்சிபா மூஞ்சி சுருங்கிப் போச்சு. "பொய் சொல்லி வேல வாங்குனா, வேல முடியுத வர பொய் சொல்லணும் அண்ணாச்சி"ன்னுது. மீரானும் அது பக்கம் போயிட்டான். மேனேஜர் வந்தாரு. மீரான் நேரா, "சார், நாங்க ஒரு கம்பெனி இல்ல. மூணு சின்ன கம்பெனி. ஒத்தையில செய்ய முடியாதுன்னு சேந்திருக்கோம்"னு சொல்லிட்டான். அந்த மனுசன் அவனையே பாத்தாரு. பொறவு கண்ணாடியக் கழத்தித் தொடச்சுட்டு, "முதலாளிட்ட ஒரு நாள் செஞ்சு காட்டுங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. அது உண்மை சொன்னதுக்காக இல்ல. மெட்ராசுக்காரன் கேட்ட வெலையில பாதிதான் நாங்க சொன்னோம், அதுக்காக. இவங்க ரெண்டு பேரும் உண்மையாலதான் கெடச்சுதுன்னு இன்னைக்கும் நம்பிக்கிட்டு இருக்காங்க.

இந்தா அடிக்கான் பாருங்க. மீரான்தான். வெள்ளிக்கிழமை தொழுக முடிஞ்சு வெளிய வந்தவொடனே அடிப்பான். வாராவாரம். அடிக்கட்டும், நீங்க கேளுங்க.

செஞ்சு காட்டதுக்கு முன்னால ஒரு ஒப்பந்தம். மீரான் சொன்னது. மூணு பேரும் அவங்கவங்க எழுதுனத மத்தவங்களுக்குத் தொறந்து காட்டணும். நாளைக்கு ஒருத்தருக்கு மேலுக்கு முடியலன்னா மத்தவங்க பாக்கணும்லான்னான். எப்சிபா மொத நாளே அதுட்ட இருக்க எல்லாத்தையும் கொண்டு வந்து வச்சிட்டு. ஒவ்வொண்ணா சொல்லியும் குடுத்துச்சு. நானும் குடுத்தேன். குடுக்காம இல்ல. ஆனா எனக்குன்னு ஒரு பாதுகாப்பு வேண்டாமா?

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லாட்டி சொல்லுதேன். எங்க தொழில்ல லாக்குன்னு ஒண்ணு உண்டு. சாப்ட்வேருக்குள்ள ஒரு தேதியப் போட்டு வச்சிருவோம். அந்தத் தேதி தாண்டுச்சுன்னா பில்லு போடாது. தெரையில, உரிமக் காலம் முடிந்தது, தொடர்புக்கு ஆவுடையப்பன்னு வந்து என் நம்பரு நிக்கும். கடைக்காரன் அலறிக்கிட்டு கூப்பிடுவான். நான் ஒரு எண்ணு சொல்லுவேன், அதப் போட்டா ஒரு வருசம் ஓடும். இது இல்லன்னு வைங்க, வாங்குனவன் அதக் காப்பி எடுத்து அவன் தம்பிக்குக் குடுப்பான், சம்பந்திக்குக் குடுப்பான். அம்பாசமுத்திரத்துல ஒருத்தன் அப்படித்தான் செஞ்சான். அன்னைக்கி முடிவு பண்ணேன், என் கையில இருந்து போற எதுலயும் லாக்கு இல்லாமப் போகக் கூடாதுன்னு. அதுல இருந்து எல்லாத்துலயும் உண்டு. சொந்தத் தங்கச்சி மாப்ள கடையிலயும் உண்டு.

கூட்டுக்குக் குடுத்ததுலயும் போட்டேன். செஞ்சு காட்ட நாள் குறிச்சிருந்தாங்க. அது தாண்டி நாலஞ்சு நாளு சேத்துத் தேதி வச்சேன். வேல கெடச்சு, ஒப்பந்தத்துல கையெழுத்து ஆச்சுன்னா சத்தமில்லாம எடுத்திருவேன். கெடச்ச பொறவு என்னக் கழட்டி விட்டுட்டு என் பில்ல வச்சே ஓட்டிட்டாங்கன்னா நான் எங்க போவேன்? செய்வாங்கன்னு சொல்லல. செஞ்சா? அதத்தான் கேக்கேன்.

அப்பப் பாத்து முதலாளி வீட்டுல துட்டி விழுந்துட்டு. அவரு அண்ணாச்சி தவறிட்டாரு. பதினாறு முடிஞ்சுதான் எதுவும்னு சொல்லிட்டாங்க. என் தேதி நடுவுல போயிட்டு. எனக்கு ஞாபகம் இருந்துச்சு, இல்லாமல்லாம் இல்ல. என் ஆபீசுல இருந்ததுல மாத்திட்டேன். ஆனா மீரான் பழைய காப்பிய அவங்க தலைமைக் கடை மிசின்ல ஏத்தி வச்சிட்டான். அத மாத்துடேன்னு சொல்லலாம். சொன்னா எதுக்குன்னு கேப்பான். கேட்டா லாக்கச் சொல்லணும். அந்த நேரத்துல அது வேண்டாம்னு நெனச்சேன். வேற வழி இருக்குலா. கம்ப்யூட்டர் தேதியப் பின்னால தள்ளி வச்சிட்டாப் போதும். லாக்குக்கு என்ன கண்ணா இருக்கு? மிசின் சொல்லுத தேதியத்தான் அது நம்பும்.

அன்னைக்கி காலையிலயே போயிட்டோம். கடை மாடியில ஒரு ஹாலு. மீரான் வயரு மாட்டிக்கிட்டு இருந்தான். நான் மிசின்ல உக்காந்து, சும்மா செக் பண்ணுத மாதிரி, தேதிய ஒரு மாசம் பின்னால தள்ளிட்டு, கீழ டீ குடிக்கப் போனேன். எல்லாம் சரியா இருந்துச்சு தம்பி. நான் வச்ச மாதிரி வச்சிருந்தா, இன்னைக்கி இந்தப் பஸ்ல நான் உக்காந்திருக்க மாட்டேன்.

எப்சிபா என்ன செஞ்சுது? ஒரு பில்லு அடிச்சுப் பாத்திருக்கு. தேதி தப்பா வந்திருக்கு. முதலாளி வாரதுக்குள்ள சரி பண்ணிருவோம்னு, தேதிய மாத்திட்டு. என்ட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? நான் உக்காந்த மிசினு. என்ன கூப்பிட்டு, அண்ணாச்சி இப்படி இருக்கேன்னு கேட்டா வாய் வலிக்குமா? கேட்டா, "தப்பான தேதியச் சரி பண்ணதுக்கு எதுக்கு அண்ணாச்சி கேக்கணும்"ங்கு. இதான் அதுகிட்ட இருக்க கெட்ட பழக்கம்.

முதலாளி வந்தாரு. வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டை, தாடி எடுத்திருக்கல. மனுசன் பாதித் துக்கத்துலதான் இருந்தாரு. பக்கத்துல மேனேஜரு, கல்லாவுல இருக்க பொண்ணுக நாலஞ்சு. கையில ஒரு அப்பளக் கட்ட எடுத்துக் குடுத்து, "இதுக்கு பில்லு போடுங்க பாப்போம்"னாரு. எப்சிபா ஸ்கேன் பண்ணுச்சு. கீன்னு ஒரு சத்தம். தெரை செவப்பாப் போச்சு. உரிமக் காலம் முடிந்தது. என் பேரு. என் நம்பரு. செவுத்துல பெரிய தெரையில வேற போட்டிருந்தான் மீரான், எல்லாருக்கும் தெரியட்டும்னு.

முதலாளி கண்ணாடிய மாட்டிக்கிட்டு நிதானமாப் படிச்சாரு. பொறவு செல்ல எடுத்து அந்த நம்பர அமுக்குனாரு. என் சட்டைப் பையில அடிக்கி. ஹால்ல ஒரு சத்தம் இல்ல, என் செல்லு மட்டும் அடிக்கி. நான் என்ன செஞ்சேன்னு நெனைக்கிய? எடுக்கல. வேணும்னு இல்ல, பழக்கம். மொத ரிங்குல எடுக்கது கிடையாதுலா. அது அடிச்சு முடிச்சுது. மனுசன் மறுபடியும் அமுக்குதாரு. எல்லாரும் என் பையையே பாக்காங்க. கல்லாப் பொண்ணு ஒண்ணு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கி.

"தீபாவளிக்கு மொத நாளு, கடையில கால் வைக்க எடம் இல்லாம இருக்கப்ப இப்படி நின்னா, நான் இந்த நம்பருக்கு அடிச்சுக்கிட்டே இருக்கணும். அப்படித்தான?"ன்னாரு. கோவமாக் கேட்டாக்கூட பரவாயில்ல. மெதுவாக் கேட்டாரு.

அப்ப மீரான் முன்னால வந்தான். "என் தப்பு முதலாளி. ஆவுடை புதுசு குடுத்திருந்தான், நான்தான் பழைய காப்பிய ஏத்திட்டேன்"ன்னான். நான் எங்க புதுசு குடுத்தேன்? நான் குடுக்கவே இல்ல. அவனா சொன்னான். நான் சொல்லச் சொன்னேனா? தியாகி மாதிரி முன்னால போயி நின்னு நல்ல பேரு வாங்கிக்கிட்டான். நான் பேசாம இருந்தேன். அவன் சொன்னப் பொறவு நான் வேற சொல்லி, ரெண்டு பேரும் ரெண்டு மாதிரி பேசுனா கூட்டு என்னத்துக்கு ஆகும்? அத நெனச்சுத்தான் பேசல.

முதலாளி மீரானையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "இது இல்லாமக் கொண்டாங்க"ன்னு தெரையக் காட்டிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அத்துவிடல, பாத்துக்கிடுங்க. இன்னொரு தடவ வரச் சொன்னாரு.

கீழ வந்தோம். எப்சிபா ஸ்கூட்டர எடுத்துட்டுப் போயிட்டு. மீரான் பக்கத்து டீக்கடையில ரெண்டு டீ சொன்னான். எனக்கு ஏச்சு விழும்னு காத்துக்கிட்டு இருக்கேன். அவன் ஏசல. டீயக் கையில வச்சுக்கிட்டு, "நீ எல்லாருக்கும் லாக்கு போடுவன்னு தெரியும். எங்களுக்குமாடே போட்ட?"ன்னான். அவ்வளவுதான் கேட்டான். டீயக் குடிக்காம வச்சிட்டு, காசக் குடுத்துட்டு, வண்டிய எடுத்தான். என்ன ஏத்திக்கிட்டுத்தான் போனான், வீட்டு வாசல்ல எறக்கி விட்டான்.

இது ஒரு கேள்வியா தம்பி? எங்களுக்குமாடேன்னா? லாக்குன்னா எல்லாருக்கும்தான். ஒருத்தனுக்குப் போட்டு ஒருத்தனுக்கு விட்டா அதுக்குப் பேரு என்ன? அந்தக் கேள்விய நெனச்சா எனக்கு இப்பவும் எரியுது. முப்பது வருசப் பழக்கத்த ஒரு டீக்கடையில வச்சு இப்படிக் கேக்கலாமா?

மறுநாளு ரெண்டு பேரும் என் ஆபீசுக்கு வந்தாங்க. லாக்க எடுத்துக் குடுன்னாங்க. கையெழுத்து ஆகட்டும், எடுக்கேன்னேன். "இல்ல அண்ணாச்சி, மொதல்ல எடுங்க, எங்க முன்னால எடுங்க"ன்னு எப்சிபா சொல்லுச்சு. எங்க முன்னாலயாம். திருடன்ட்டச் சொல்லுத மாதிரி. எனக்குக் கோவம் ஏறிட்டு. எடுக்க முடியாதுன்னுட்டேன். மீரான் என் மேசையில கெடந்த ஸ்டேப்ளர எடுத்து தொறக்கான், மூடுதான், தொறக்கான், மூடுதான். "ஆவுடை, ஒன்ன விட்டுட்டு எனக்குப் போக மனசு இல்லடே"ன்னான். போகாதன்னேன். "இந்தப் பொண்ணும் அந்த எட்டுப் புள்ளைகளும் இத நம்பித்தான் இருக்காங்க"ன்னான். நானும்தான் இத நம்பி இருக்கேன்னு அவனுக்குத் தோணலையே. நான் வாசலக் காட்டல. அவனாத்தான் எந்திரிச்சுப் போனான்.

பொறவு என்ன? எப்சிபா அந்தப் பொண்ணுகள வச்சு மொதல்ல இருந்து பில்லு எழுத ஆரம்பிச்சிட்டு. முதலாளி அதுவரைக்கும் பொறுத்திருந்தாராம். எப்படிப் பொறுத்தாருன்னு எனக்குத் தெரியாதா, மீரான் போயி கால்ல விழுந்திருப்பான். வேல கெடச்சிட்டு. எல்லாக் கிளையும். இப்ப நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரி வேலையும் கெடச்சிருக்குன்னு பேச்சு. என்ட்ட இருந்த நாலு பேருல மூணு பேரு அங்க போயிட்டானுவ. போறப்ப ஒவ்வொருத்தனா வந்து, "சார், தப்பா நெனைக்காதிய"ங்கான். நான் எதுக்குத் தப்பா நெனைக்கேன். மீதி இருக்க ஒருத்தனும் கல்யாணம் முடியட்டும்னுதான் இருக்கான்.

நான் இருபது வருசமா ஒவ்வொரு கடையா ஏறி எறங்கிக் கத்துக்கிட்டத, அந்தப் பொண்ணுக சில மாசத்துல எழுதிட்டுன்னா என்ன அர்த்தம்? நான் தொறந்து காட்டுனதப் பாத்துத்தான் எழுதிருக்கும். அதுக்குத்தான் அன்னைக்கே லாக்கு போட்டேன். நான் பயந்தது நடந்துச்சா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

சொல்ல மாட்டிய. சவத்த விடுங்க.

பலகைக்கு வாரேன். இதெல்லாம் நடந்து வருசம் ஒண்ணாகப் போகுது. போன மாசம் வண்ணார்பேட்டை பக்கம் போனேன். பெரிய ஆபீசு எடுத்திருக்கான், கீழயே, கண்ணாடி போட்டு. அந்தப் பழைய பலகைய எடுத்துப் புதுசா எழுதி மாட்டிருக்கான். மொதப் பேரு என் பேரு. ஆவுடை சாப்ட்வேர்ஸ். நின்னு மறுபடியும் படிச்சுப் பாத்தேன். வேலையில நான் இல்ல, லாபத்துல நான் இல்ல, பலகையில மட்டும் எதுக்கு நான்?

என் ஆளு ஒருத்தன் அங்கதான இருக்கான், அவன்ட்டக் கேட்டேன். ஜன்னல் பக்கம் ஒரு மேசை காலியாவே கெடக்காம் தம்பி. யாரும் உக்காரக் கூடாதுன்னு மீரான் சொல்லி வச்சிருக்கானாம். புதுசா வந்த பய ஒருத்தன் தெரியாம உக்காந்துட்டான்னு எழுப்பி விட்டானாம். "அது ஆவுடை எடம்"னானாம். தெனமும் தொடைக்கச் சொல்லுவானாம்.

என்ன கணக்குன்னு எனக்குப் புரிஞ்சிட்டு. நாளைக்கு அந்த வேலையில ஏதாச்சும் கோளாறு வந்தா, மொதப் பேரு யாருன்னு பாப்பாங்க. என் தலையில கட்டிரலாம்லா. அதான். வேற எதுக்கு ஒருத்தன் காலி மேசையத் தொடச்சு வைப்பான்? நீங்க அப்படிப் பாக்காதிய. உங்களுக்கு உலகம் தெரியாது, வயசு பத்தாது. அதனாலதான் வக்கீலு. பேர எடுத்துட்டான்னா அவனும் என்ன விட்டிருவான், நானும் நிம்மதியா இருப்பேன்.

இந்தா, திரும்ப அடிக்கான். ரெண்டாவது தடவ. அடிக்கட்டும். மூணாவது தடவ அடிக்க மாட்டான். எப்பவும் ரெண்டோட நிறுத்திருவான்.

கோவில்பட்டி வந்துட்டே. பேச்சுல தெரியல. ஆமா, உங்களப் பத்தி ஒண்ணுமே கேக்கலையே. அப்பா என்ன செய்யுதாரு? பெயிண்ட் கடையா. அப்பவே சொல்லப்படாதா. பில்லு எப்படிப் போடுதாரு, கையிலயா? பெயிண்டு கடைக்கு நம்மட்டத் தனியாவே உண்டு, கலரு, லிட்டரு, கலக்கிக் குடுத்த கணக்கு எல்லாம் வரும். இந்தாங்க கார்டு. பழைய கார்டுதான், மூணு பேரும் சேந்தப்ப அடிச்சது. ஒரு பெட்டி அப்படியே கெடக்கு, அதுக்காகப் புதுசு அடிக்கவா முடியும். பின்னால என் நம்பரக் கையால எழுதிருக்கேன்.

என்ன கேட்டிய? லாக்கா? இருக்கும் தம்பி. எல்லாருக்கும் உண்டு, சொன்னேம்லா. உங்களுக்குன்னு எடுக்க முடியுமா? பஸ்ல பேசுன பழக்கத்துக்கு எடுத்துட்டு நாளைக்கு நான் எங்க போயி நிக்கது?

பாத்து எந்திரிங்க, வண்டி இன்னும் நிக்கல. செல்லுல பதியுதியளா, பதிங்க. இல்ல, அது இல்ல, அது மீரான் நம்பரு. என்னது பின்னால இருக்கு பாருங்க. திருப்புங்க.

சரி. அவன் நம்பரே இருக்கட்டும், பதிஞ்சுக்கிடுங்க. பதிஞ்சத எதுக்கு அழிக்கிய? நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். வேல சுத்தமாத்தான் இருக்கும், சொன்ன நாளுல முடிச்சுக் குடுத்திருவான், அதுல பொய் சொல்ல மாட்டேன். அடிச்சியன்னா மொத ரிங்குலயே எடுத்திருவான். ஒண்ணே ஒண்ணு, ஆவுடையப்பன பஸ்ல பாத்தேன்னு மட்டும் சொல்லிராதிய. சொன்னியன்னா உங்க அப்பா கடைய விட்டுட்டு, அவன் எப்படி இருக்கான், மெலிஞ்சிருக்கானா, கூட யாரும் வந்தாங்களான்னு என்னப் பத்தியே கேட்டுக்கிட்டு இருப்பான்.